வால்வில் தொங்கிய சாவி

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நான் பண்டார் தெங்காரா பக்கம் செம்பனைத் தோட்டத்தில் குலை சுமந்து வளர்ந்தவன். பதினாறு வயதிலிருந்து எஞ்சினோடு கிடப்பவன். எஞ்சின் சூடானால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இது போன ஆகஸ்டில், பட்டப்பகலில், ஜொகூர் ஆற்றின் முகத்துவாரத்தில் என் கண் முன்னால் நடந்தது.

படகு முருகப்பனுடையது. ஜொகூர் பாருவில் கடை வைத்திருப்பவர்; சனி, ஞாயிறில் மீன் பிடிக்க வருகிறவர்களுக்குப் படகை வாடகைக்கு விடுவார். மூன்று மாதமாக எஞ்சின் கொதிக்கிறது. பழியெல்லாம் படகோட்டி விஜயன் தலையில். இன்னொரு தடவை கொதித்தால் அவனுக்கு வேலை கிடையாது என்று என் எதிரிலேயே சொன்னார். எஞ்சின் மூடியைத் தூக்கிக்கூடப் பார்க்காத மனிதர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடல்தண்ணீர் உள்ளே வந்து எஞ்சினின் சூட்டை வாங்கிக்கொண்டு பின்பக்கம் கொட்ட வேண்டும். வடிகட்டியைக் கழற்றினேன், சுத்தமாக இருந்தது. பம்பின் ரப்பர் சக்கரம் புதிது. பெல்ட் இறுக்கம். தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் போட்டேன், ஒழுங்காகத் திறந்தது. குறை ஒன்றும் அகப்படவில்லை. ஓட்டிப் பார்க்க நானும் விஜயனும் மட்டும் கிளம்பினோம்.

மணி 2.10. சூடு காட்டும் முள் எண்பதில் நின்றது.

2.27. பின்னால் தண்ணீர் கொட்டும் சத்தம் நின்றது. வறட்டுச் சத்தம்... டப்... டப்... டப். முள் நூறைத் தாண்டியது. அணைக்கச் சொல்லிவிட்டு அடிப்பலகையைத் தூக்கினேன். கடல்தண்ணீர் வரும் வால்வு மூடியிருந்தது.

விஜயனைத் திட்டித் தீர்த்தேன்.

“நான் ஸ்டியரிங்ல நிக்கிறேன் அண்ணே. என் கை என்ன பத்தடி நீளமா?” என்றான்.

திறந்துவிட்டு ஓட்டினோம். 2.50. மறுபடி அதே வறட்டுச் சத்தம். வால்வு மூடியிருந்தது. இந்தத் தடவை அதன் கைப்பிடியில் ஒரு சாவி தொங்கியது. சிவப்புத் துணி கட்டிய எஞ்சின் சாவி. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

படகுக்கு அடியில் இறங்குகிறவன் முதலில் வால்வை மூடுவான். சாவியைப் பிடுங்கி அதன் மேல் மாட்டுவான். மேலே இருப்பவன் அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்துவிடக் கூடாது அல்லவா. எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் இது வழக்கம்.

ஆனால் எங்கள் சாவி மேலே சுவிட்சில் இருந்தது.

எவனோ விளையாடுகிறான் என்றுதான் நினைத்தேன். கோபத்தில் அந்தச் சாவியைத் தண்ணீரில் வீசினேன்.

3.05. வால்வைத் திறந்துவிட்டு அதன் பக்கத்திலேயே குந்திக்கொண்டேன். விஜயன் ஸ்டார்ட் செய்தான்.

கைப்பிடி அசைந்தது... மெல்ல...

இரண்டு கையாலும் பிடித்தேன். என் கையையும் சேர்த்துத் திருப்பியது.

நான் வீசிய அதே சாவி தொங்கியது. ஈரமாக.

அடியிலிருந்து... டொக். டொக். டொக்.

மூன்று தட்டு, எங்கள் ஆட்களின் சைகை. ‘கீழே நான் இருக்கிறேன், ஸ்டார்ட் பண்ணாதே.’

“அண்ணே... கீழ யாரு?”

“ஆஃப் பண்ணு.”

வேறொரு படகு எங்களை இழுத்துப் போனது. கரை சேர்ந்தபோது வால்வில் சாவி இல்லை.

படகுத்துறையிலிருந்தே முருகப்பனுக்குப் போன் அடித்தேன். வால்வு தானாக மூடிக்கொள்கிறது, விஜயன் மேல் தப்பில்லை என்று மட்டும் சொன்னேன்.

“செல்லப்பன் சாவிய மாட்டாமதான் எறங்கினான். அது அவன் தப்பு லா,” என்றார்.

சாவியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

அன்று மாலையே விஜயனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.

செல்லப்பன் எனக்கு முன் அந்தப் படகைப் பார்த்த மெக்கானிக். அவர் மனைவி சந்திரமதியை ஜொகூர் பாரு தம்போயில் தேடிப் பிடித்தேன். போன வருடம் செல்லப்பன், படகின் அடி விசிறியில் சிக்கிய வலையை அறுக்க இறங்கியிருக்கிறார். ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று முருகப்பன் மாற்றுச் சாவியைப் போட்டு ஸ்டார்ட் செய்திருக்கிறார்; செல்லப்பன் பிழைக்கவில்லை. செல்லப்பனின் சாவி வால்வில் இல்லை, அவர் சாமான் பெட்டியில் கிடந்தது, ஆள் அலட்சியம் என்று விசாரணையில் முருகப்பன் சொல்லி முடித்துவிட்டார்.

சிவப்புத் துணி கட்டிய சாவியா என்று கேட்டேன்.

“ஆமாண்ணே, அவர் கட்டினதுதான். பெட்டியோட சேர்த்துக் குடுத்தாங்க,” என்றார். “எனக்கு அதப் பாக்கவே புடிக்கல. அஸ்தி கரைக்கிறப்ப அதையும் கடல்ல போட்டுட்டேன்.”