மூன்றாவது ஓட்டை

பிரிட்டோவின் ஷூ கயிறு மூன்றாவது ஓட்டையில் நுழையாது. இரண்டில் ஏறி நேராக நான்குக்குத் தாவிவிடும். இருபத்தெட்டு வருடங்களில் எத்தனையோ ஜோடி தேய்ந்துவிட்டது. அந்த ஓட்டை மட்டும் காலியாகவே இருந்தது.

ஆரம்பித்து வைத்தவன் ஜீவரத்தினம். கல்லூரிக் கூடைப்பந்து டீமிலேயே குள்ளன், ஆறாம் நம்பர் கால். பாதத்தின் மேல் எலும்பு புடைத்திருக்கும், கயிறு அழுத்தினால் உயிர் போகும். அதனால் அந்த ஓட்டையை விட்டான். மறுவாரமே பிரிட்டோ உட்பட டீமின் ஐந்து பேரும் விட்டார்கள். கணுக்காலை மூடும் வெள்ளை கேன்வாஸ், ரப்பர் மூக்கு; ஆட்டக்காரர்கள் மட்டுமே போட்ட காலம். பல்லாவரத்தில் ஒரு கல்யாணத்துக்கு அதோடு போனபோது பெண்ணின் மாமா வாசலிலேயே மறித்தார்.

"இன்னாப்பா, கல்யாணத்துக்கு வந்தீங்களா, பி.டி. பீரியடுக்கா?"

"ரெண்டுக்கும்தான் அங்கிள்," என்றான் ஜீவா. "பந்தியில எடம் புடிக்க ஓட வேணாமா?"

இப்போது மாப்பிள்ளையே கோட்டுக்குக் கீழே அதைத்தான் போடுகிறான். தாம்பரம் ரயிலில் பாதிக் கால்கள் அந்த ஷூவில்தான் ஏறி இறங்குகின்றன. முதலில் பிரிட்டோவுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த ஷூ போட்டவர்கள் ஒருவரையொருவர் கண்டால் செய்யும் பழைய வழக்கப்படி, எதிரே இருப்பவனின் காலைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, புருவத்தை உயர்த்துவான். ஒருமுறை ஒரு பையன் காதிலிருந்ததைப் பிடுங்கிவிட்டுக் கேட்டான்: "இன்னா சார், எறங்கணுமா?" அதிலிருந்து கால்களைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டான்.

விமானச் சரக்குக் கிடங்கில் சூப்பர்வைசர். இரும்புலியூரில் மாடியில் ஒற்றை அறை. அம்மா போன பிறகு அவனை "டேய்" என்று கூப்பிட ஆளில்லை. மஸ்கட் போன ஜீவாவின் நம்பர் என்றோ மாறிவிட்டது. போன மாதம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய டீம்காரன் மகேஷ் சொன்னான்: "ஜீவா திரும்பி வந்துட்டான்டா. இந்தப் பக்கம்தான் எங்கயோ கீறான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் படியருகே கழற்றிவிட்ட செருப்புக் குவியலில், ஒரு வெள்ளை ஜோடி. சின்னது. ஆறாம் நம்பர். மூன்றாவது ஓட்டை காலி.

பிரிட்டோ தன் ஷூவைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தான். உள்ளே போகவில்லை. பிரசங்கம் ஒலிபெருக்கியில் வந்துகொண்டிருந்தது. ஒரு சொல்லும் ஏறவில்லை. தூணோரம் நின்று, முதலில் "டேய்" என்பதா, பெயரைச் சொல்வதா என்று யோசித்துக்கொண்டிருந்தான். வழுக்கை விழுந்திருக்குமோ? என்னை அடையாளம் தெரியுமோ?

பூசை முடிந்தது. கூட்டம் இறங்கியது. முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி படியில் உட்கார்ந்து அந்த ஷூவை மாட்டத் தொடங்கினாள்.

"அது..." என்றான் பிரிட்டோ. "அது உங்களுதா?"

"ஆமா சார். ஏன், மாத்திப் போட்டுட்டனா?"

"இல்ல இல்ல. அந்த ஓட்டைய ஏன் விட்டிருக்கீங்க? யாராவது சொன்னாங்களா?"

அவள் குனிந்து பார்த்தாள். "இதுவா? வலிக்குது சார். நர்ஸு நான். டியூட்டி முச்சூடும் நின்னுகினே இருக்கணும். அந்த எடத்துல இறுக்குனா உயிர் போவுது." பிறகு பக்கத்து ஜோடியைக் கண்டாள். "இது உங்களுதா? உங்களுக்கும் வலிக்குதா?"

"எனக்கில்ல. ஒரு ஃப்ரெண்டுக்கு."

அவள் சிரித்துவிட்டாள். "அவருக்கு வலிச்சா நீங்க ஏன் சார் விட்டீங்க?"

அதற்குள் ஷேர் ஆட்டோ வந்துவிட்டது. "வரேன் சார்," என்று ஓடினாள். ஓட்டத்தில் அந்த ஷூ கொஞ்சம் ஜீவாவினுடையது போலவே இருந்தது.

படியருகே அவனுடைய ஜோடி மட்டும் மிச்சம். உட்கார்ந்து கயிற்றை உருவி, இருபத்தெட்டு வருடங்களில் முதன்முறையாக மூன்றாவது ஓட்டையிலும் நுழைத்து இறுக்கினான். எழுந்து நடந்தான். வலிக்கவில்லை. கொஞ்சமும் வலிக்கவில்லை.

ஜி.எஸ்.டி. ரோடு வரைதான் போக முடிந்தது. பஸ் ஸ்டாப்பில் ஆட்கள் பார்க்கப் பார்க்க, குனிந்து அந்த ஓட்டையிலிருந்து கயிற்றை உருவினான்.