அரிசியளவு சுக்கான்

ஜார்ஜ் டவுன் பேரங்காடி ஒன்றில் நடந்த, துண்டுகளை ஒட்டிச் செய்யும் குட்டி மாதிரி வாகனங்களின் கண்காட்சியில் அவரைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையின் நீலச் சட்டை போட்டிருந்தார். பக்கவாதம் வந்துபோன வலக்கை நடுங்கியது. திங்கட்கிழமை கம்பெனி டாக்டர் அந்தக் கையைப் பார்த்த பிறகுதான் மறுபடி வேலை உண்டா என்று தெரியும் என்றார் அவர் மனைவி.

அவர் மேசையில், உலகப்போரில் படைவீரர்களைக் கரையில் இறக்கிய படகின் மாதிரி ஒன்று, உள்ளங்கை நீளத்தில் இருந்தது. ஒட்ட வேண்டியது அரிசியளவு சுக்கான் சக்கரம் மட்டும்தான். இடுக்கியால் எடுத்து, மூச்சை அடக்கி வைத்தார். இரண்டு முறை தவறி விழுந்தது.

“இடது கையால வைங்கண்ணே,” என்றேன்.

“டாக்டர் இடது கையையா பாக்கப் போறாரு, தம்பி?”

“பேசாம ஒட்டுங்க லா, பசை காயுது,” என்றார் மனைவி.

மூன்றாம் முறை சக்கரம் உட்கார்ந்தது. கை அப்போதும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

“ஒரு நடுக்கத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல கொஞ்சம் இடம் இருக்கு. அது போதும்,” என்றார்.

டாக்டர் என்ன சொன்னாரோ, எனக்குத் தெரியாது. அன்று கண்காட்சியிலிருந்து கிளம்பும்போது, அந்த நீலச் சட்டைக்காரர் ஒரு போர் டாங்கி மாதிரிக்கான துண்டுகள் அடங்கிய பெட்டி வாங்கினார். அதன் சக்கரச் சங்கிலிக்கு மட்டுமே நூறு துண்டுகளை ஒட்ட வேண்டும்.