நண்டு மார்க் ரோஜா

குளிக்கிற சோப்பு செய்வதில் கெட்டிக்காரியான எங்கள் பெரியம்மாவுக்கு, ஆளுக்குச் சோப்பு போட மட்டும் வராது. கடைக்காரர் எவராவது "என்னக்கா, நண்டு சோப்பு எப்ப வரும்?" என்று கேட்டுவிட்டால் போதும், "கண்ணு என்ன முதுகுலயா இருக்கு? அது ரோஜா!" என்று எரிந்து விழுவாள்.

அது நண்டுதான். சத்தியமாக நண்டுதான். வீட்டின் பின்னறையில் அவள் சோப்பு காய்ச்ச ஆரம்பித்தபோது, தனியாகத் தெரிய ஓர் அடையாளம் வேண்டுமே என்று பெரியப்பா ஒரு மரக்கட்டையில் ரோஜாப்பூ செதுக்கினார். பஸ் ஓட்டுகிற கை. இதழெல்லாம் காலாகிவிட்டது, இரண்டு இலையும் கொடுக்காகிவிட்டது. சோப்பு இறுகுவதற்குள் ஒவ்வொன்றின் மேலும் அந்தக் கட்டையை வைத்து, பெரியம்மா உள்ளங்கையால் ஓர் அடி போடுவாள். லீவுக்குப் போனால் அந்த டொக் டொக் சத்தத்தில்தான் எங்களுக்கு விடியும். அந்த அறையின் எலுமிச்சை வாசனைக்கு இன்றைக்கும் மனசு ஏங்குகிறது.

உறையில் கொட்டை எழுத்தில் 'ரோஜா' என்றுதான் இருந்தது. யார் படித்தார்கள்? உறையைப் பிரித்து, நண்டு இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கினார்கள்.

பெரியப்பா தவறிப்போன பிறகு, அவள் மகன், எங்கள் அண்ணன், பித்தளையில் புது அச்சு செய்து வந்தான். அசல் ரோஜா, முள்கூட இருந்தது. "இனி எவன் நண்டுன்னு சொல்றான்னு பார்க்கலாம்மா" என்றான். மரக்கட்டை பரண் ஏறியது.

சீக்கிரமே சரக்கு பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தது. "நண்டு இல்ல, இது போலின்னு சொல்றாங்கக்கா. சத்தியம் பண்ணியும் நம்ப மாட்டேங்கறாங்க. இனிமே எனக்கு வேணாம்" என்று மொத்தக் கடைக்காரர் கையை விரித்தார். அதே எண்ணெய், அதே வாசனை. சோப்பை விட்டால் அந்த வீட்டில் அடுப்பெரிய வேறு வழியில்லை. அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

பெரியம்மா புதுச் சோப்பு ஒன்றை எடுத்து விரலால் தடவினாள்.

"அழகாத்தான் இருக்கு" என்றாள். பிறகு, "டேய், பரண்ல ஏறி அந்த நண்ட எடுத்துக் குடு."

அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து நாங்கள் கேட்டதே இல்லை.

"அப்ப உனக்கும் நண்டாத்தான் தெரிஞ்சுதாம்மா?" என்றான் அண்ணன்.

"மொத நாளே தெரியும்டா. கையெல்லாம் வெட்டிக்கிட்டு, 'ரோஜா எப்படி இருக்கு'ன்னு கேட்டு நின்னாரு. அந்த மூஞ்சியப் பார்த்து எப்படிச் சொல்றது?"

அண்ணன் இறக்கிக் கொடுத்த கட்டையில் ஒட்டடை படிந்திருந்தது. அதைத் துடைத்தாள். கண்ணைத் துடைக்கவில்லை, அது பாட்டுக்கு வழிந்தது.

"இப்ப சொன்னா கோவிச்சுக்க மாட்டாரு" என்று சொல்லிவிட்டு, இறுகாத சோப்பின் மேல் கட்டையை வைத்து, டொக்கென்று ஓர் அடி போட்டாள்.