மறைந்துபோன அம்புகள்

என் அக்கா கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு இயற்பியல் சொல்லித் தருகிறாள். நான்கு வருடமாகத் தற்காலிக வேலை. அதை நிரந்தரமாக்கலாமா என்று பார்க்கத் துறைத்தலைவர் வகுப்புக்கு வந்த அன்று, நாடு நாடாகச் சுற்றிவிட்டுத் திரும்பியிருந்த நானும் கடைசி பெஞ்சில் இருந்தேன்.

"ஊர்சுத்தி, வாயத் தொறக்காம உக்காரு" என்றாள்.

விசைகளின் சமநிலையைக் கற்பிக்க அவளே கணினியில் ஒரு விளையாட்டுப் போலச் செய்திருந்தாள். ஒரு பெட்டியின் மேல் செயல்படும் விசைகள் அம்புகளாகத் தெரியும்; மாணவர்கள் அவற்றை நீட்டுவார்கள், குறைப்பார்கள். எல்லாம் சமமானதும் பச்சை விளக்கு எரியும், அம்புகள் மறையும். பார்க்க அழகாக இருக்குமே என்று மறைய வைத்தவள் அவள்தான்.

எல்லாரும் மளமளவென்று பச்சை விளக்கை எரிய வைத்தார்கள். அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. துறைத்தலைவர் மேஜைமேல் ஒரு புத்தகத்தை வைத்து, "இதுமேல என்னென்ன விசை இருக்கு?" என்று முன்வரிசைப் பெண்ணைக் கேட்டார்.

"ஒண்ணுமே இல்ல சார். அதான் அசையாம இருக்கு."

"ஏன், புவியீர்ப்புக்கு இன்னைக்கு லீவா?"

வகுப்பே சிரித்தது. ஆனால் அடுத்தடுத்துக் கேட்டவர்களும் அதே பதிலைத்தான் சொன்னார்கள்.

வீடு வந்து சேர்ந்தோம். "விடுக்கா, வேற வேல கிடைக்காமலா போயிடும்?" என்றேன்.

"வேல கெடக்கட்டும்டி. நாலு வருஷமா இதையே படிச்சிட்டு வெளிய போன பிள்ளைங்ககிட்ட, அம்பு மறைஞ்சாலும் விசை அங்கதான் இருக்குன்னு யாரு போய்ச் சொல்றது?"

மறுவாரம் கல்லூரியிலிருந்து வந்த கடிதத்தை அவள் பிரிக்கக்கூட இல்லை.