நான் கொள்ளாத ஜீப்

மெக்சிகோக்காரப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகத் தம்பி சொன்னதிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பெண்ணின் அம்மா எங்கள் வீட்டில்தான் தங்குவார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. குன்னூருக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில், போனை வைத்துக்கொண்டு ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்தேன்.

"ஏங்கண்ணு, இந்த ஊட்டுக்குள்ள அவங்க எங்க படுப்பாங்க?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். அதனாலோ என்னவோ, 'கபேர்' என்ற வினைச்சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. இடம் கொள்ளுதல் என்று பொருள். பெட்டிக்குள் துணி கொள்ளவில்லை என்கிறோமே, அதேதான். 'காபேஸ்' என்றால் நீ கொள்வாய். 'காபேமோஸ்', நாம் கொள்வோம். எல்லாம் ஒழுங்காக வரும். 'நான்' என்று தொடங்கினால் மட்டும் அடையாளமே தெரியாமல் 'கெப்போ' ஆகிவிடும். என் வாயிலோ எப்போதும் 'காபோ'தான் வந்தது. போன் சிவப்புக் கோடு போடும்.

அந்த அம்மா வந்தார். கட்டிலை அவருக்கு விட்டுவிட்டு நாங்கள் கீழே படுத்தோம். அவர் புரண்டால்கூட எனக்கு விழிப்புத் தட்டியது.

தாலி கட்டி முடிந்ததும் விருந்துக்கு ஜெகதளா ஊர் மண்டபத்துக்குப் போக வேண்டும். ஜீப் நிறைந்துவிட்டது.

"நீங்க போங்க, நான் பஸ்ல வர்றேன்" என்றேன். கொஞ்ச நேரம் தனியாக இருந்தால் தேவலை என்றிருந்தது.

அந்த அம்மா உள்ளிருந்து கையை நீட்டினார். "நோ காபோ" என்று தலையாட்டினேன். சொன்ன பிறகே தப்பு உறைத்தது. அவர் அதைக் கவனித்ததாகக்கூடத் தெரியவில்லை. புடவையைச் சுருட்டி மடியில் போட்டுக்கொண்டு, பக்கத்திலிருந்த சித்தப்பாவை இடுப்பால் நெட்டித் தள்ளினார்.

"சீ, காபேஸ்."

சித்தப்பா முகம் சுருங்கியது. "ஏனுங்க, இந்தம்மா என்னைய 'சீ'ங்கறாங்க?"

"இல்லீங்க சித்தப்பா, அவங்க பாஷைல 'சீ'ன்னா ஆமா. நானும் கொள்ளுவேனாம்."

"அப்ப ஏறு சாமி, சோறு ஆறுது."

ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும் எல்லோரும் என்மேல் சாய்ந்தார்கள். பந்தியில் இலை போதுமா, சாம்பாரில் காரம் அதிகமோ என்று மனம் முன்னே ஓடிக்கொண்டிருந்தது. ஜெகதளாவில் இறங்கியபோது கால் மரத்துப்போய் நிற்க முடியவில்லை. அந்த அம்மா என் தோளை அணைத்துப் பிடித்துக்கொண்டார். மற்றவர்கள் மண்டபத்துக்குள் போய்விட்டார்கள். காலில் மறுபடி ரத்தம் ஓடும்வரை நாங்கள் இருவரும் ஜீப்பில் சாய்ந்து நின்றோம்.