பத்து எண்ணும் வரை ஒரு மூச்சு

குலவை போடுவதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. தாராவியில் எங்கள் சாலில், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பில், இருக்கும் அம்மனுக்கு வருஷா வருஷம் சித்திரையில் கொடைத் திருவிழா நடக்கும். மதியக் கொடையில் தீபாராதனை காட்டியதும் முதல் குலவை என்னுடையது. நான் எடுத்துக்கொடுத்த பிறகுதான் மற்ற பெண்கள் சேர்ந்துகொள்வார்கள். கல்யாணமாகி பம்பாய் வந்த இரண்டாம் வருஷத்திலிருந்தே அப்படித்தான்.

போன கொடையில் அந்தக் குலவை பாதியில் முறிந்தது. நாக்கு சுழன்றுகொண்டிருக்கும்போதே நெஞ்சுக்குள்ளிருந்து இருமல் கிளம்பி, கோயில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டேன். முதல் குலவை முறிந்தால் எங்கள் ஆட்களுக்கு மனசு சங்கடப்படும். ஆனாலும் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். தை மாதம் அடுத்த கொடையைப் பற்றிப் பேசக் கூடியபோது, கோயில் காரியங்களை முன்னின்று நடத்தும் எதிர்வீட்டு அக்கா, "இந்தத் தடவ நீ முளைப்பாரிய மட்டும் சொமந்துட்டு வா தாயி, கொலவைய வேற ஆளு எடுக்கட்டும்" என்று அன்பாகச் சொன்னார். அந்த அன்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அந்த இருமலுக்கு அப்போது இரண்டு வயது. நான் வேலை பார்ப்பது துணி தைக்கும் கார்கானாவில். தைத்த சட்டைகளில் நூல் பிசிறு வெட்டும் வேலை. காலையில் எழுந்தால் இருமல், சிரித்தால் இருமல், மாடிப்படி ஏறினால் நெஞ்சுக்குள் ஒரு விசில். டிபியாக இருக்குமோ என்று சளியைப் பார்த்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். அது இல்லை என்று ஆயிற்று. அப்படியானால் வேறென்ன என்று கேட்டால், ஒவ்வொருவரும் ஒரு இருமல் மருந்தை எழுதிக் கொடுத்தார்கள். நான் குடித்த மருந்துப் பாட்டில்களை வரிசையாக அடுக்கினால் எங்கள் சாலுக்கே மதில் கட்டலாம்.

என் நாத்தனார்தான் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு என்னை மாட்டுங்காவில் ஒரு நெஞ்சு டாக்டரிடம் கூட்டிப்போனாள். செம்பூரில் ஆபீஸ் வேலை பார்க்கிறவள். இங்கேயே பிறந்து வளர்ந்ததால் இந்தி அவளுக்குத் தமிழைவிட வேகமாக வரும். மூச்சுச் சோதனை இருக்கும், அதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே எதுவும் சாப்பிடக்கூடாது, டீகூடக் கூடாது என்று வழியெல்லாம் எச்சரித்துக்கொண்டே வந்தாள். டீ இல்லாத கடுப்பில் பஸ்ஸில் நான் அவளோடு பேசவே இல்லை.

டாக்டர் என் கதையையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மூச்சைச் சோதிக்கும் அறைக்கு அனுப்பினார். அங்கே இருந்தவர் ஒரு மராத்திக்காரம்மா, என் வயசுதான் இருக்கும். கையடக்கமான ஒரு பெட்டி, அதில் வாய் வைக்க ஒரு குழல், எதிரே ஒரு சின்னத் திரை. மூச்சுக்குழாய் உள்ளே வீங்கியிருந்தால், வெளியே விடும் மூச்சில் ஒரு வாயு கூடுதலாக வருமாம். இந்தப் பெட்டி அதை அளந்து சொல்லிவிடுமாம். ஊசியும் இல்லை, ரத்தமும் இல்லை. திரையில் ஒரு பலூன் தெரியும். அது இரண்டு கோடுகளுக்கு நடுவிலேயே நிற்கிற மாதிரி, அவர் பத்து எண்ணும் வரை ஒரே சீராக ஊத வேண்டும், அவ்வளவுதான்.

முதல் தடவை, நெருப்புப் பிடிக்காத அடுப்பை ஊதுவதுபோல் ஊதினேன். பலூன் மேலே பறந்து காணாமல் போயிற்று. "தீரே, தீரே" என்றார் அவர், மெதுவாக என்று.

இரண்டாம் தடவை நன்றாகத்தான் போனது. நாலு எண்ணினார், ஐந்து எண்ணினார். திடீரென்று பலூனுக்கு அருள் வந்துவிட்டது. மேலும் கீழுமாக அப்படி ஆடியது. அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாத்தனார் என் கன்னத்தை உற்றுப் பார்த்தவள், சுவரில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தாள்.

"மைனி, நீங்க உள்ள கொலவ போடுதீய."

சத்தியமாக எனக்கே தெரியாது. இருபது வருஷமாக நெஞ்சு நிறைய மூச்சு இழுத்ததெல்லாம் அந்த ஒன்றுக்காகத்தான். நாக்கு தன் வேலையைத் தானாகத் தொடங்கிவிட்டது. குலவை என்றால் என்ன என்று அந்தம்மா கேட்க, கொஞ்சம் போட்டுக் காட்டினேன். பாதியிலேயே இருமல் வந்து கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அவர் என் முதுகைத் தடவிக்கொண்டே, உடம்பு சரியானதும் முழுசாகக் கேட்க வேண்டும் என்று இந்தியில் சொன்னார்.

மூன்றாம் தடவை, நாக்கைக் கீழ்ப்பல்லோடு அழுத்தி வைத்துக்கொண்டேன். ஏக், தோ என்று விரல் விட்டு எண்ணினார். தஸ் என்று அவர் சொல்லும்வரை பலூன் நடுவிலேயே நின்றது.

அதற்கப்புறம் வேறொரு மெஷினிலும் ஊதச் சொன்னார்கள். டாக்டர் பாலக்காட்டுக்காரர். "இந்த எண் ஜாஸ்தியா இருக்கு. இதை மட்டும் வெச்சு நான் சொல்லலை. நீங்க சொன்னது, அந்த மெஷின்ல ஊதினது, எல்லாம் சேர்த்துப் பார்த்தா இது ஆஸ்துமாதான். பெரியவாளுக்கும் புதுசா வரும்" என்றார்.

"சித்திரைல கொடை டாக்டர். கொலவ போடலாமா?"

"இன்ஹேலரை ஒழுங்கா எடுத்துண்டா, தாராளமா."

ஆஸ்துமா என்று கேட்டு யாராவது சந்தோஷப்படுவார்களா? நான் பட்டேன். இரண்டு வருஷம் பேர் தெரியாமல் என்னோடு குடித்தனம் நடத்தியதற்கு ஒரு பேர் கிடைத்துவிட்டது. வெளியே வந்ததும் முதல் வேலையாக ஒரு டீ குடித்தேன்.

இன்ஹேலர் பம்ப் வைத்தால் பழகிவிடும் என்று சாலில் நாலு பேர் சொன்னார்கள். சோறும் பழகித்தான் கிடக்கு, அதை விட்டுட்டீகளா என்று கேட்டேன். கார்கானாவில் முகத்துக்குத் துணி கட்டிக்கொண்டேன். வாரங்கள் போகப் போக இருமல் குறைந்தது. ஒரு நாள் காலையில் எழுந்து டீ போட்டு முடித்த பிறகுதான், இன்னும் இருமவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

கொடைக்குப் பத்து நாள் முன்னால் எதிர்வீட்டு அக்காவின் வாசலில் போய் நின்று, முழுக் குலவை ஒன்றைப் போட்டேன். அவர் கரண்டியோடு வெளியே வந்து கேட்டுவிட்டு, "சரிட்டி, நீயே எடு" என்றார்.

மதியக் கொடைக்கு நாத்தனார் அந்த மராத்திக்காரம்மாவையும் அழைத்து வந்திருந்தாள். எங்கள் பெண்களுக்கு நடுவில், பச்சைப் புடவையில், முன்வரிசையில் நின்றார். தீபம் உயர்ந்தது. நான் மூச்சை இழுத்து, நாக்கை அவிழ்த்துவிட்டேன். எதிரே அவருடைய விரல்கள் தாமாகவே ஒவ்வொன்றாக விரிந்தன. பத்தாவது விரலும் விரிந்ததும், பழக்கதோஷத்தில் போதும் என்று தலையசைத்தார்.

நான் நிறுத்தவில்லை.