ஜெபப் பலகையில் அக்காவின் பெயர்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், சபையாருக்கும், எங்கள் தெருவாருக்கும் அக்காவின் தம்பி எழுதுவது. அக்கா நம்மை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு நிறைகிறது.

நான் பெரிய காஞ்சிபுரத்தில் ஓர் அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கும் வேலையில் இருப்பவன். இதுபோன்ற நினைவு மலர்களை எத்தனையோ குடும்பங்களுக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். மேலே சிலுவையோ குத்துவிளக்கோ வரும். நடுவில் முட்டை வடிவத்தில் படம், அதன் கீழே ஒரு வசனமோ தேவாரமோ. யார் இறந்திருந்தாலும், "புன்சிரிப்பு மாறாமல் நோயைத் தாங்கினார்" என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். எழுதிக்கொண்டு வந்தவர்கள் மறந்திருந்தால் நானே சேர்த்துவிடுவேன்.

அக்காவுக்கு அந்த வரியைச் சேர்க்க மாட்டேன். அக்கா புன்சிரிப்போடு தாங்கவில்லை. அலறினார், பயந்தார், எங்களைத் திட்டினார். அந்தப் பயத்தை வெளியே சொல்ல முடியாமல் பல மாதம் உள்ளே வைத்திருந்தார். அது ஏன் என்றுதான் எழுதப் போகிறேன். வரிகளில் கோபம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அதில் முக்கால் பங்கு என் மேல்தான்.

அக்கா பிறந்தது முசரவாக்கத்தில். அப்பா கொத்தனார். எனக்கு நான்கு வயதாக இருந்தபோது அம்மா இறந்தார், அக்காவுக்கு அப்போது பன்னிரண்டு. அப்பா எங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு காஞ்சிபுரத்துக்குக் குடி வந்தார். அன்றிலிருந்து எனக்குத் தலை வாரியதும், பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டதும், காய்ச்சலுக்கு மருந்து கொடுத்ததும் அக்காதான். அடித்ததும் அவர்தான். அடித்துவிட்டு அடுப்படியில் போய் அழுவார். எனக்கு வலித்ததைவிட அவருக்கு அதிகம் வலித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு நானும் கூடப் போய் அழுவேன்.

பத்தாவது முடித்ததும் பட்டுச் சேலை முந்தானைக்குக் குச்சு கட்டும் வேலையைக் கற்றுக்கொண்டார். கடைகளிலிருந்து கல்யாணச் சேலைகள் வீட்டுக்கு வரும். முந்தானை ஓரத்து நூலைப் பிரித்து, முறுக்கி, முடிச்சுப் போட்டு, சில சேலைகளுக்கு மணியும் கோத்துக் கொடுப்பார். அந்த வருமானத்தில்தான் நான் டிப்ளமோ படித்தேன். சபையின் பாடகர் குழுவில் அக்காவின் குரல் எல்லோரையும் தாண்டிக் கேட்கும், சுருதியையும் தாண்டிப் போகும். யாரும் அவரிடம் அதைச் சொன்னதில்லை. ஆனால் அக்கா யாரிடமும் உள்ளதை உள்ளபடியே சொல்லிவிடுவார். "இந்தக் கலருக்கு இந்த மணி எடுக்காதும்மா" என்று கடைக்காரர் முன்னாலேயே மணப்பெண்ணிடம் சொல்லி வேலையைக் கெடுத்துக்கொண்டவர்.

மாமா, அதாவது அக்காவின் கணவர், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் மட்டும் சபைக்கு வருவார். மற்ற ஞாயிறுகளில் அக்காவை வாசலில் இறக்கிவிட்டு, "எனக்கும் சேத்து நீயே வேண்டிக்கினு வா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். குழந்தை இல்லை. அது பற்றி இருவரும் பேசி நான் கேட்டதில்லை.

எங்கள் சபையில் பீடத்துக்கு வலப்பக்கம் ஒரு கரும்பலகை உண்டு. நோயாளிகளின் பெயரைச் சுண்ணக்கட்டியால் அதில் எழுதி வைப்பார்கள். யார் வேண்டுமானாலும் யார் பெயரையும் எழுதலாம். ஆனால் அழிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. சுகமானவர் முன்னால் வந்து சாட்சி சொல்லி, தன் பெயரைத் தன் கையாலேயே துடைக்க வேண்டும். அப்போது சபை எழுந்து கை தட்டும். சுகமாகாமல் இறந்துபோனவர்களின் பெயரை அடுத்த ஞாயிற்றுக்கு முன், சபைக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை ஈரத்துணியால் துடைத்துவிடுவார். அதற்குக் கைதட்டல் கிடையாது. இத்தனை வருடத்தில் ஒரு முறை அழித்த பெயர் மறுபடியும் அங்கே ஏறியதே இல்லை.

அக்காவுக்கு மார்பில் கட்டி வந்தபோது அவர் பெயரும் அங்கே எழுதப்பட்டது. சென்னையில் அறுவை சிகிச்சை நடந்தது, கீமோ கொடுத்தார்கள், முடி கொட்டியது. ஒரு நாள் மருத்துவர் நல்ல செய்தி சொன்னார். அந்த ஞாயிறு அக்கா தலையில் முக்காடோடு முன்னால் போய் நின்று பேசியது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"டாக்டரு இப்போதைக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லிக்கிறாரு. மூணு மாசத்துக்கு ஒருதரம் வந்து காட்டணும்னாரு. எனக்காக வேண்டிக்கின எல்லாருக்கும் நன்றி."

அவ்வளவுதான் சொன்னார். பெயரைத் துடைத்தார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

சபையின் மாத மடலை வடிவமைப்பவன் நான். அக்காவின் சாட்சியைப் படத்தோடு முதல் பக்கத்தில் போட்டேன். தலைப்புக்குக் கீழே அக்கா சொன்ன வரி நீளமாக இருந்தது. "இப்போதைக்கு" என்ற சொல்லை எடுத்தேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்ற வரியையும் எடுத்தேன். இடம் மிஞ்சியதால், "மருத்துவர்களே வியந்தனர்" என்று நானாக ஒன்றைச் சேர்த்தேன். எந்த மருத்துவரும் வியக்கவில்லை. யாரும் என்னை மாற்றச் சொல்லவும் இல்லை. படிப்பவர்களுக்கு உற்சாகமாக இருக்கட்டும் என்று நினைத்தேன், அக்கா பிழைத்த மகிழ்ச்சியும் இருந்தது. பல மாத மடல்களில் நான் செய்த எழுத்துப் பிழைகளுக்கெல்லாம் திருத்தம் போட்டிருக்கிறேன். இதற்கு மட்டும் போடவில்லை.

மடலை எல்லோரும் படித்தார்கள். அதன்பிறகு அக்கா மருத்துவமனைக்குப் புறப்பட்டால் பார்ப்பவர்களுக்கு ஆச்சரியம். எங்கள் சபையின் செல்வராணி டீச்சர் ஓய்வு பெற்றவர், அக்காமேல் உயிரையே வைத்திருந்தவர். அவர் ஒரு நாள் வாசலில், "சொகமானவளுக்கு எதுக்கும்மா மறுபடியும் ஸ்கேனு? கர்த்தரைச் சோதிச்சுப் பாக்கற மாதிரி ஆயிடும்மா" என்று அன்பாகத்தான் சொன்னார். இதை இந்த மலரில் எழுதலாமா என்று இப்போது டீச்சரிடம் கேட்டேன். "எம்பேரைப் போட்டே எழுதுப்பா" என்றார். அக்கா அந்த முறை சென்னைக்குப் போகவில்லை. அடுத்த முறையும் போகவில்லை.

ஒரு நாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் அக்கா வீட்டுக்குப் போனேன். பக்கத்து வீட்டுத் தனம்மாள், தறி வேலையை விட்டுவிட்டு வந்து, அக்காவின் முதுகுக்கு வெந்நீரில் துண்டை நனைத்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார். அக்கா பாயில் ஒருக்களித்துப் படுத்தபடியே, கையில் முந்தானையை வைத்துக்கொண்டு குச்சு கட்டிக்கொண்டிருந்தார். உட்கார முடியவில்லை என்று பார்த்ததுமே தெரிந்தது.

"எத்தினி நாளா இப்டி?" என்று கேட்டேன்.

"நாலு மாசம் இருக்கும்பா," என்றார் தனம்மாள். "சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கினா. நானும் அம்மனுக்கு வெளக்கு போட்டுக்கினு சும்மா கெடந்துட்டேன்."

"எங்கிட்ட ஏங்க்கா சொல்லல?"

அக்கா சேலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சாட்சி சொன்ன வாயால எப்பிட்றா சொல்றது? அவ்ளோ பேரு கை தட்னாங்களே. தனம்மா நம்ம சபைக்கு வர்றவங்க இல்ல, அவங்க மட்டுந்தான் கை தட்டல. அதான் அவங்ககிட்ட சொன்னேன்."

மறுநாளே சென்னைக்குப் போனோம். எலும்பில் பரவியிருந்தது. மருத்துவர் தாளைப் புரட்டி, இரண்டு முறை வராததைப் பார்த்து, "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா..." என்று ஆரம்பித்தார். மாமாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அவர் முடிக்காத அந்த வாக்கியத்தை நான் தினமும் ஒரு முறையாவது முடித்துப் பார்க்கிறேன்.

வீடு திரும்பியதும் அக்கா கேட்டது ஒன்றுதான். "எம்பேரைப் பலகையில மறுபடியும் எழுதச் சொல்றா." சுகம் வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. வலிக்கிறது என்பது சபைக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

யார் வேண்டுமானாலும் எழுதலாம்தான், ஆனால் அழித்த பெயரை மறுபடியும் எழுத எனக்குத் துணிவில்லை. போதகரிடம் போனேன். இளம் வயதுக்காரர், நல்ல மனிதர். கேட்டதும் அவர் முகம் வாடியது. "எழுத வேணாம்னு நான் சொல்லல தம்பி. அவங்க சாட்சியப் படிச்சிட்டு ரெண்டு குடும்பம் புதுசா வந்துக்கினு இருக்குது. அவங்க இன்னா நெனைப்பாங்க? கமிட்டியில வெச்சுப் பேசிடலாம்."

பேசினார்கள். ஒரு ஞாயிறு போனது, இன்னொன்றும் போனது. ஆராதனை முடிந்து நான் வீட்டுக்கு வந்ததும் அக்கா, "எழுதினாங்களாடா?" என்பார். "அடுத்த வாரம்க்கா" என்பேன். மூன்றாவது ஞாயிறும் அதையே சொன்னேன். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டார்.

"நான் பொய் சாட்சி சொல்ட்டேன்னு கோச்சிக்கினு கீறாங்களா?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மடலில் அந்தச் சொல்லை எடுத்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன். அக்கா என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தெரியும்டா. அது வந்தப்பவே பாத்தேன். படிக்க நல்லா இருக்குதேன்னு நானும் வுட்டுட்டேன்."

மாமா வாசற்படியில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு, அறிவிப்புகள் வாசித்துக்கொண்டிருந்த நேரத்தில் மாமா சபைக்குள் வந்தார். காக்கிச் சட்டை, கையில் ஆட்டோ சாவி. நேராகப் பலகைக்குப் போய்ச் சுண்ணக்கட்டியை எடுத்தார். அழுத்தி எழுதியதில் அது இரண்டாக உடைந்தது. மிச்சத் துண்டால் அக்காவின் பெயரை எழுதி முடித்துவிட்டுத் திரும்பினார்.

"இவளுக்கு இன்னும் சொகம் ஆவல. வலி தாங்காம கத்தறா. அவ பொய் சொல்லல. அவ்ளோதான்."

போதகர் கையிலிருந்த தாளைப் பிடித்தபடி நின்றார். யாராவது மாமாவை வெளியே அழைத்துப் போவார்கள் என்றுதான் நினைத்தேன். அப்போது செல்வராணி டீச்சர் எழுந்தார். அவர் மகன் இறந்த பிறகு தூக்கம் இல்லாமல் தவித்து, பிறகு சுகமானதாகச் சாட்சி சொல்லிப் பெயரைத் துடைத்தவர். அக்காவின் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினார். எழுதிவிட்டு, "எனக்கு இன்னும் தூக்கம் வரல. ஆறு வருஷமா வரல" என்றார். பிறகு இன்னும் இரண்டு பேர் எழுந்து வந்து, முன்பு துடைத்த தங்கள் பெயரை மறுபடியும் எழுதினார்கள். அன்று பிரசங்கம் நடக்கவில்லை. போதகர் அன்று எழுதிய நான்கு பெயர்களையும் வாசித்தார், அழுதுவிட்டார், உட்கார்ந்துவிட்டார்.

பலகையைக் கைபேசியில் படம் எடுத்து வந்து அக்காவிடம் காட்டினேன். பெரிதாக்கிக் காட்டச் சொல்லி ஒவ்வொரு பெயராகப் படித்தார். "டீச்சருக்கா? அய்யோ, எங்கிட்ட சொல்லவே இல்லியே" என்றார். தன் வலியை விட்டுவிட்டு அன்று பூராவும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மதியம் டீச்சர் வந்தார். பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார். "பாட்டு வேணாம் டீச்சர், சும்மா உக்காருங்க" என்றார் அக்கா. டீச்சர் உட்கார்ந்தார். அதன்பிறகு தினமும் சபையிலிருந்து யாராவது ஒருவர் வந்தார்கள். ஒரு பக்கம் தனம்மாள், ஒரு பக்கம் டீச்சர் என்று இருவரும் சேர்ந்து அக்காவைப் புரட்டிப் படுக்க வைப்பார்கள்.

இதனால் அக்கா பிழைத்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். பிழைக்கவில்லை. வலி குறையவும் இல்லை. மாத்திரைக்கு அடங்காத நாட்களில் அக்கா அலறுவது தெருவுக்கே கேட்டது. கடைசி நாள் முற்பகலில் அக்கா சொன்ன கடைசிச் சொல் "வலிக்குது" என்பதுதான். அதைக் கேட்க அந்த அறையில் எட்டுப் பேர் இருந்தார்கள்.

துன்பப்படும் உலகத்துக்குச் சபை நம்பிக்கை தர வேண்டும் என்று பிரசங்கத்தில் அடிக்கடி கேட்கிறோம். எனக்கு நம்பிக்கை என்றால் என்னவென்று இன்னும் சரியாகத் தெரியவில்லை. பல நாட்கள் ஜெபிக்கவே வாய் வருவதில்லை. ஒன்று மட்டும் சபையாரிடம் கேட்டுக்கொள்கிறேன். வலிக்கிறது என்று ஒருவர் இரண்டாம் முறை வந்து சொன்னால், முதல் முறை கை தட்டிய அதே மனதோடு கேளுங்கள். அது முடியாத இடத்தில் வேறு எந்த நல்ல செய்தியும் யாருக்கும் காதில் ஏறாது. அக்கா நான்கு மாதம் பக்கத்து வீட்டுச் சுவரோரம் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த நான்கு மாதத்தை எனக்கு யாரும் திருப்பித் தர முடியாது.

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த தனம்மாளுக்கு எங்கள் முதல் நன்றி. சொன்னதைத் திருத்திக்கொள்ளத் துணிந்த செல்வராணி டீச்சருக்கும், முறை வைத்து வந்து உட்கார்ந்த சபையாருக்கும், வாரந்தோறும் சென்னைக்குப் போய் மாத்திரை வாங்கி வந்த சபைச் சகோதரர் ஒருவருக்கும், கமிட்டியைக் கேட்காமலேயே அன்று எங்களோடு அழுத போதகருக்கும் நன்றி. கட்டி முடிக்காமல் போன சேலைகளை ஒரு வார்த்தை பேசாமல் திரும்ப எடுத்துக்கொண்ட கடைக்காரர்களுக்கும் நன்றி.

அடக்கம் முடிந்து வந்த சனிக்கிழமை, கோயில்பிள்ளை ஈரத்துணியோடு பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு மாமாவுக்குச் சொல்லி அனுப்பினார். மாமா வந்தார்.

"தொடைச்சிடட்டுமாபா?" என்று கோயில்பிள்ளை கேட்டார்.

மாமா பலகையைப் பார்த்தார். "அவங்கவங்க பேர அவங்கவங்கதான அழிக்கணும்? அதான உங்க சட்டம்? அவ வந்து அழிச்சிக்கட்டும்யா."

கோயில்பிள்ளை துணியைப் பிழிந்து வாளியில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மாமா இப்போது எல்லா ஞாயிறும் சபைக்கு வருகிறார், பலகை தெரியும் பக்கமாக உட்காருகிறார். அக்காவின் பெயர் இன்னும் அங்கே இருக்கிறது.